எம்67 கொத்து: ஒரே மேகத்தில் பிறந்த விண்மீன்களில் இரும்பு ஏன் ஒரே அளவாக இல்லை?

பொருநைக்கரை (திங்கள், இரவு 9:40)

எல்லோருக்கும் வணக்கம். முதுகலை இயற்பியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். செயல்திட்டத்துக்குக் கடக ராசிப் பக்கம் இருக்கும் எம்67 என்ற திறந்த விண்மீன் கொத்தை எடுத்திருக்கிறேன். சொந்தமாக எதையும் நோக்கவில்லை. பால்வழி விண்மீன்களின் நிறமாலைகளைத் திரட்டிய அப்போஜி அளக்கையின் 17ஆவது தரவு வெளியீடு இணையத்தில் எல்லோருக்கும் கிடைக்கிறது. அதிலிருந்து இந்தக் கொத்தின் விண்மீன்களுடைய தனிம அளவுகளை இறக்கி வைத்திருக்கிறேன்.

வகுப்பில் படித்தது இதுதான். ஒரு கொத்தின் விண்மீன்கள் எல்லாம் ஒரே வாயு மேகத்திலிருந்து, ஏறத்தாழ ஒரே காலத்தில் பிறந்தவை. ஆகவே அவற்றின் வேதிச் சேர்மானமும் ஒன்றாக இருக்க வேண்டும்.

என் அட்டவணையில் அப்படி வரவில்லை. செம்பெருமீன்களில் இரும்பு சூரியனில் உள்ள அளவே இருக்கிறது. மையத்தில் ஹைட்ரஜனை எரிக்கும் முதன்மைத் தொடர்க் கட்டத்தை விட்டு விலகத் தொடங்கும் திருப்புமுனை விண்மீன்களில் மட்டும் கிட்டத்தட்ட 0.1 டெக்ஸ் குறைகிறது. ஒன்றிரண்டு விண்மீன் என்றால் விட்டிருப்பேன். அந்தக் கூட்டமே கீழே இறங்கி நிற்கிறது. எனக்குத் தெரிந்த ஒருவரிடம் கேட்டேன். "தரவுப் பிழையாக இருக்கும், எல்லாவற்றையும் சேர்த்துச் சராசரி எடுத்துப் போடு" என்றார். மனம் ஒப்பவில்லை. என்ன செய்யலாம்?

காவலூர்க்காரர் (திங்கள், இரவு 10:55)

தம்பி, சராசரி எடுக்காதீர்கள். நீங்கள் பார்த்தது உண்மையான விஷயமாகவே இருக்கலாம். ஆனால் அந்த முடிவுக்குப் போவதற்கு முன்னால் சில வேலைகள் இருக்கின்றன.

முதலில், உங்கள் பட்டியலில் உள்ளவை எல்லாம் கொத்தைச் சேர்ந்தவைதானா? எம்67 இருப்பது சுமார் 2,800 ஒளியாண்டு தொலைவில். அதே திசையில் முன்னும் பின்னும் சம்பந்தமே இல்லாத விண்மீன்கள் எத்தனையோ உண்டு. ஆரத் திசைவேகத்தைப் பாருங்கள். இந்தக் கொத்து நம்மை விட்டு வினாடிக்குச் சுமார் 34 கிலோமீட்டர் வேகத்தில் விலகிப் போகிறது. அதிலிருந்து இரண்டு மூன்று கிலோமீட்டருக்கு மேல் விலகினால் சந்தேகப்படுங்கள். கையா விண்கலம் அளந்த இடமாறு கோணமும் (தொலைவைக் காட்டுவது அது) வான்பரப்பில் நகரும் வேகமும் கொத்தோடு ஒத்துப்போகின்றனவா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

அடுத்தது இரட்டை விண்மீன்கள். இரண்டின் ஒளி கலந்து வந்தால் கோடுகள் ஆழம் குறைந்து தெரியும். கணினி அதை "இரும்பு குறைவு" என்று படித்துவிடும். எம்67இல் இரட்டைகள் நிறைய. வெவ்வேறு இரவுகளில் எடுத்த நிறமாலைகளில் திசைவேகம் மாறியிருந்தால் அந்த விண்மீனைத் தள்ளி வையுங்கள். அட்டவணையில் எச்சரிக்கைக் குறி போட்டிருக்கும் வரிகளையும் நீக்கிவிடுங்கள். நான் ஆய்வாளன் இல்லை. நிறமாலைத் தரவைச் சுத்தம் செய்யும் வேலையில் பல ஆண்டுகள் இருந்தவன். "புதுக் கண்டுபிடிப்பு" என்று வந்தவற்றில் பாதி இந்த இடத்திலேயே கரைந்து போனதைப் பார்த்திருக்கிறேன்.

இதையெல்லாம் தாண்டியும் அந்த 0.1 நின்றால் அது சின்ன விஷயம் இல்லை. டெக்ஸ் என்பது மடக்கை அளவு. 0.1 குறைவு என்றால் இரும்பு சுமார் 20 விழுக்காடு குறைவு.

சோதனைக்குழாய் (செவ்வாய், காலை 7:15)

நான் பள்ளியில் வேதியியல் நடத்துகிறேன். அடிப்படையிலேயே எனக்கு ஒரு கேள்வி. சுடர் சோதனையில் உப்பைக் காட்டினால் நிறத்தை வைத்து "இதில் சோடியம் இருக்கிறது" என்று சொல்லலாம். "எவ்வளவு" என்று கேட்டால் தரம்பார்த்தலோ எடை பார்ப்பதோதான் வழி. 2,800 ஒளியாண்டுக்கு அப்பால் இருப்பதை எந்தத் தராசில் நிறுத்து 20 விழுக்காடு குறைவு என்கிறீர்கள்? சண்டைக்காகக் கேட்கவில்லை. மாணவர்கள் கேட்டால் சொல்ல எனக்கு விடை வேண்டும்.

காவலூர்க்காரர் (செவ்வாய், பகல் 1:30)

நல்ல கேள்வி அக்கா. கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

விண்மீனின் ஒளியை நிறமாலையாக விரித்தால் இடையிடையே கறுப்புக் கோடுகள் தெரியும். விண்மீனின் வெளிப்படலத்தில் உள்ள ஒவ்வொரு தனிமமும் தனக்குரிய அலைநீளங்களில் ஒளியை உறிஞ்சிக்கொண்டதன் அடையாளம் அவை. ஒரு கோடு மொத்தம் எவ்வளவு ஒளியை விழுங்கியிருக்கிறது என்பதை அளக்கலாம். அதற்குச் சமான அகலம் என்று பெயர். கோடு பலவீனமாக இருக்கும்வரை அணுக்கள் இரண்டு மடங்கானால் அந்த அகலமும் இரண்டு மடங்காகும். வலுத்துவிட்டால் கோட்டின் நடுப்பகுதி நிறைந்துபோகும். அதன்பின் அணுக்கள் எவ்வளவு கூடினாலும் கோடு மெல்லத்தான் வளரும். அதனால்தான் அளக்கத் தெரிந்தவர்கள் கண்ணைப் பறிக்கும் பெரிய கோடுகளை விட்டுவிட்டு மெலிந்த கோடுகளைத் தேடிப் போகிறார்கள்.

ஆனால் கோட்டின் வலிமையை வைத்து மட்டும் அளவைச் சொல்லிவிட முடியாது. சூரிய நிறமாலையில் கண்ணுக்குத் தெரியும் பகுதியில் மிக வலுவான கோடுகள் கால்சியத்துடையவை. அதைப் பார்த்துச் சூரியன் முழுக்கக் கால்சியம் என்று சொல்ல முடியுமா? அந்த வெப்பத்தில் எத்தனை அணுக்கள் அந்தக் குறிப்பிட்ட கோட்டை உண்டாக்கும் நிலையில் இருக்கின்றன என்று தெரிய வேண்டும். வெப்பமும் அழுத்தமும் தெரிந்தால் அதைக் கணக்கிடும் சமன்பாட்டை 1920இல் மேகநாத சாகா கொடுத்தார். அதை வைத்து 1925இல் சிசிலியா பெய்ன் தன் ஆய்வேட்டில் விண்மீன்களில் ஹைட்ரஜனே மிகப் பெரும்பங்கு என்று காட்டினார். சூரியனில் ஓர் இரும்பு அணுவுக்குச் சுமார் 31,000 ஹைட்ரஜன் அணுக்கள்.

இதில் நமக்கு நெருக்கமான ஒரு பெயரும் வருகிறது. கோடு எவ்வளவு ஆழம் என்பதைப் பின்னணி ஒளியோடு ஒப்பிட்டுத்தான் சொல்ல முடியும். சூரியனைப் போன்ற விண்மீன்களில் அந்தப் பின்னணியைத் தீர்மானிப்பது கூடுதலாக ஓர் எலக்ட்ரானைப் பிடித்து வைத்திருக்கும் ஹைட்ரஜன், அதாவது எதிர் ஹைட்ரஜன் அயனி. அதுதான் காரணம் என்று 1939இல் ரூபர்ட் வைல்ட் சொன்னார். அது ஒளியை எவ்வளவு உறிஞ்சும் என்பதை 1940களில் வருந்திக் கணக்கிட்டவர்களில் முக்கியமானவர் சுப்பிரமணியன் சந்திரசேகர். அவரைக் கருந்துளையோடும் வெண்குறுமீனோடும் மட்டும் சேர்த்துப் பேசுகிறோம். விண்மீனின் வேதியியலை அளக்கிற ஒவ்வொருவரும் இந்த வேலையின் மேல்தான் நிற்கிறார்கள்.

சரி, வெப்பநிலை எப்படித் தெரியும்? அதற்கும் இரும்பே உதவுகிறது. இரும்புக்குக் கோடுகள் மிக அதிகம். எளிதில் தூண்டப்படும் கோடுகளும் கடினமாகத் தூண்டப்படும் கோடுகளும் ஒரே விடையைத் தருகிற வெப்பநிலைதான் சரியான வெப்பநிலை. நடுநிலை இரும்பும் ஓர் எலக்ட்ரானை இழந்த இரும்பும் ஒரே விடையைத் தந்தால் மேற்பரப்பு ஈர்ப்பும் சரி. இதில் 100 கெல்வின் தவறினால் சூரியனை ஒத்த விண்மீனில் இரும்பு அளவு 0.07 டெக்ஸ் பக்கம் மாறிவிடும். அதாவது தம்பி பார்த்த வித்தியாசத்தில் பெரும்பங்கு.

அக்கா கேட்ட தராசு இனிமேல்தான் வருகிறது. ஒவ்வொரு கோட்டுக்கும் "இந்த அணு இதை எவ்வளவு எளிதில் உறிஞ்சும்" என்று ஓர் எண் வேண்டும். பல கோடுகளுக்கு அந்த எண் துல்லியமாக இல்லை. ஆகவே அதே கருவியில் சூரியனின் நிறமாலையையும் எடுக்கிறார்கள். சூரியனை நேரே நோக்காமல் வெஸ்டா போன்ற சிறுகோளில் பட்டுத் திரும்பும் வெயிலை எடுப்பது வழக்கம். பிறகு ஒவ்வொரு கோடாக விண்மீனையும் சூரியனையும் ஒப்பிடுகிறார்கள். தராசில் கோளாறு இருந்தாலும் இரண்டு சரக்கையும் அதே தட்டில் வைத்து நிறுத்தால் எது கூட, எது குறைய என்பது சரியாகவே வரும். இந்த முறையில் 0.01 டெக்ஸ் வரைகூடப் போக முடிகிறது.

மின்மினி (செவ்வாய், மாலை 6:05)

ஐயா சொன்னதில் எல்லாம் உடன்பாடு. கடைசிப் பத்தியில் மட்டும் ஒரு தடை. ஒரே தட்டில் வைக்கலாம் என்பது ஒரே மாதிரிச் சரக்காக இருந்தால்தான். பொருநைக்கரை ஒப்பிடுவது எதையும் எதையும்? செம்பெருமீன் சுமார் 4,800 கெல்வின். ஊதிப் பெருத்து அடர்த்தி குறைந்த வளிமண்டலம். திருப்புமுனை விண்மீன் சுமார் 6,000 கெல்வின், இறுக்கமான வளிமண்டலம். இரண்டிலும் ஒரே இரும்புக் கோடு ஒரே மாதிரி நடந்துகொள்ளாது. நாம் கணக்குப் போடும் வளிமண்டல மாதிரியோ மேலிருந்து கீழ் ஒரே திசையில் மாறும் அடுக்குகளாக அதை வைத்துக்கொள்கிறது. உண்மையில் அது கொதிக்கும் எண்ணெய் போலப் புரண்டுகொண்டிருக்கிறது. அணுக்கள் எல்லாம் அந்தந்த இடத்து வெப்பத்தோடு சமநிலையில் இருப்பதாகவும் வைத்துக்கொள்கிறோம். அதுவும் முழுக்க உண்மையில்லை.

இந்த இரண்டு எளிமைப்படுத்தலும் சேர்ந்தே 0.1 டெக்ஸ் பிழையைக் கொடுக்க முடியும். பிழையின் அளவும் விளைவின் அளவும் ஒன்றாக இருக்கும்போது "உண்மையான விஷயம்" என்று சொல்ல நான் அவசரப்பட மாட்டேன்.

சோதனைக்குழாய் (செவ்வாய், இரவு 8:20)

இப்போது புரிகிறது, நன்றி ஐயா. ஆனால் மின்மினி சொன்னதைப் படித்ததும் வேறொரு கவலை. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று நம்பித்தானே நாலைந்து விண்மீனை அளந்துவிட்டு "இந்தக் கொத்தின் இரும்பு அளவு இவ்வளவு" என்கிறார்கள்? அந்த நம்பிக்கையே ஆட்டம் கண்டால் மற்றக் கொத்துகளுக்குச் சொன்ன எண்கள் என்ன ஆவது?

காவலூர்க்காரர் (செவ்வாய், இரவு 11:10)

பானை உவமை இங்கே அப்படியே பொருந்துகிறது அக்கா. நாம் எடுத்துப் பார்ப்பது எப்போதும் பானையின் மேலே இருக்கும் சோறு. விண்மீனின் வெளிப்படலத்தைத் தவிர வேறு எதையும் நிறமாலை காட்டாது. மேலே இருப்பதும் உள்ளே இருப்பதும் ஒன்றா என்பதுதான் கேள்வி.

சூரியனில் மேலிருந்து சுமார் 30 விழுக்காடு ஆழம் வரை வாயு புரண்டு கலந்துகொண்டே இருக்கிறது. அதற்குக் கீழே அமைதியான பகுதி. அந்த எல்லையில் கனமான அணுக்கள் மெல்ல மெல்ல உள்ளே இறங்குகின்றன. மிக மிக மெதுவான நகர்வு, ஆனால் நூற்றுக்கணக்கான கோடி ஆண்டுகள் அவகாசம் இருக்கிறதே. இதற்கு அணு விரவல் என்று பெயர். சூரியனிலேயே இது நடந்திருக்கிறது. அதன் அதிர்வுகளை வைத்துப் பார்த்தால் மேற்பரப்பில் ஹீலியத்தின் நிறைப் பங்கு சுமார் 25 விழுக்காடு. பிறந்தபோது அது 27க்கு அருகில் இருந்திருக்க வேண்டும். கன தனிமங்களும் பத்து விழுக்காடு அளவுக்கு இறங்கியிருக்கின்றன.

எம்67இன் வயது சுமார் 400 கோடி ஆண்டு. அதன் திருப்புமுனை விண்மீன்கள் சூரியனைவிடக் கொஞ்சம் கனமானவை, வெப்பமும் கூட. அவற்றில் கலங்கும் அடுக்கு மெலிந்தது. மெலிந்த அடுக்கிலிருந்து இரும்பு இறங்கினால் இழப்பு சீக்கிரம் தெரியும். உள்ளிருந்து வரும் ஒளியின் அழுத்தம் சில அணுக்களை மேலே தள்ளி ஓரளவு ஈடுகட்டவும் செய்யும். அதே விண்மீன் பின்னாளில் செம்பெருமீனாக ஊதும்போது கலங்கும் அடுக்கு ஆழமாக உள்ளே போகிறது. அகப்பையை அடிவரை விட்டுக் கிளறியது போல, இறங்கிய இரும்பு மறுபடி மேலே வந்துவிடும். ஆகவே செம்பெருமீன் காட்டும் இரும்பு அளவுதான் பிறந்த மேகத்துக்கு மிக அருகில் இருப்பது.

மின்மினியின் தடைக்கு வருகிறேன். வெறுமனே "நம்புங்கள்" என்று சொன்னால் போதாது, அதைச் சோதிக்க வழி இருக்கிறது. பிழை வளிமண்டல மாதிரியில் இருந்தால், செம்பெருமீனிலிருந்து முதன்மைத் தொடருக்குப் போகப் போக இரும்பு ஒரே திசையில் குறைந்துகொண்டே வர வேண்டும். விரவல்தான் காரணம் என்றால் திருப்புமுனையில் பள்ளம் விழுந்து, அதற்கும் கீழே, இன்னும் முதன்மைத் தொடரிலேயே இருக்கும் குளிர்ந்த குறுமீன்களில் அளவு மறுபடி ஏற வேண்டும். குளிர்ந்த குறுமீன்களில் கலங்கும் அடுக்கு தடிமனாக இருப்பதுதான் காரணம். 2018இல் டியோகோ சூட்டோவும் கூட்டாளிகளும் அப்போஜி நிறமாலைகளைக் கொண்டே இதே கொத்தின் எட்டு விண்மீன்களை வாழ்வின் நான்கு நிலைகளிலிருந்து எடுத்து அளந்தார்கள். திருப்புமுனையில் அளவு மிகக் குறைவு, செம்பெருமீனில் மிக அதிகம். விரவல் மாதிரிகள் சொன்ன போக்கும் அதுவே. இதற்கு முன்னோடி 2006இல் ஆன்ட்ரியாஸ் கோர்ன் குழு என்ஜிசி 6397 என்ற கோளக் கொத்தில் கண்டது. அங்கே திருப்புமுனைக்கும் செம்பெருமீனுக்கும் இடையே இரும்பில் சுமார் 0.16 டெக்ஸ் வித்தியாசம்.

மின்மினி (புதன், காலை 6:50)

பள்ளம் விழுந்து திரும்ப ஏறுகிறதா என்ற சோதனை எனக்குத் திருப்தி. விரவல் இருக்கிறது என்று ஒப்புக்கொள்கிறேன். முழு 0.1உம் அதுதான் என்பதை மட்டும் இன்னும் ஏற்கவில்லை. அதே 2018இல் ஆஸ்திரேலியாவின் கேலா அளக்கைத் தரவைக் கொண்டு இதே கொத்தை ஆராய்ந்தவர்கள், அணுச் சமநிலை என்ற எளிமைப்படுத்தலை விட்டுவிட்டுக் கணக்குப் போட்டார்கள். சில தனிமங்களில் போக்கின் அளவே மாறியது. ஆகவே பொருநைக்கரை எழுதும்போது "இவ்வளவு விரவல், இவ்வளவு மாதிரிப் பிழை, இரண்டையும் என் தரவால் முழுக்கப் பிரிக்க முடியவில்லை" என்று நேராக எழுதட்டும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். கார்பனையும் நைட்ரஜனையும் இந்த ஒப்பீட்டில் சேர்த்துவிடாதீர்கள். செம்பெருமீனாகும்போது உள்ளே அணுக்கரு வினையில் வெந்த பொருள் மேலே வருவதால் கார்பன் குறையும், நைட்ரஜன் கூடும். அது விரவல் இல்லை.

விடிவெள்ளி (புதன், காலை 9:30)

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். வயதும் சூரியனைப் போல, இரும்பும் சூரியனைப் போல என்கிறீர்கள். அப்படியானால் சூரியனே இந்தக் கொத்தில் பிறந்து வெளியே வந்ததாக இருக்குமா?

காவலூர்க்காரர் (புதன், பகல் 12:45)

அந்த ஆசை ஆய்வாளர்களுக்கும் இருந்தது. எம்67இல் 1194 என்ற எண்ணுள்ள விண்மீன் ஒன்று சூரியனின் இரட்டைப் பிறவி மாதிரி. 2011இல் அன்னா ஓனேஹாக் குழு சிலியிலுள்ள விஎல்டி தொலைநோக்கியில் அதை அளந்தது. 2009இல் ஹோர்கே மெலண்டெஸ் குழு, அக்கம்பக்கத்தில் சூரியனை அச்சாக ஒத்த விண்மீன்களோடு ஒப்பிட்டால் சூரியனில் பாறை ஆகக்கூடிய தனிமங்கள் கொஞ்சம் குறைவு என்று காட்டியிருந்தது. 1194 அந்த விஷயத்திலும் அந்த விண்மீன்களைவிடச் சூரியனையே அதிகம் ஒத்திருந்தது. 2014இல் அதைச் சுமார் 7 நாளில் சுற்றிவரும் கோள் ஒன்றும் கண்டுபிடிக்கப்பட்டது.

ஆனால் சூரியன் அங்கிருந்து வெளியேறி இன்றுள்ள சுற்றுப்பாதைக்கு வர வேண்டுமானால் பலமான உந்தல் தேவை. அப்படி உந்தும் அளவுக்கு வேறு விண்மீன்கள் நெருங்கி வந்திருந்தால், கோள்கள் உருவாகும் வட்டையே சிதைந்திருக்கும் என்று 2012இல் பார்பரா பிச்சார்டோ குழு கணக்கிட்டது. முழுக்கக் கதவு மூடவில்லை, ஆனால் நான் பந்தயம் கட்ட மாட்டேன்.

சோதனைக்குழாய் (புதன், இரவு 7:55)

வேறு கொத்துகளிலும் இப்படித்தானா? கார்த்திகைக் கூட்டமும் திறந்த கொத்துதானே. அது இன்னும் பக்கம், இன்னும் பளிச்சென்று இருக்கிறதே, அதை அளந்தால் எளிதில்லையா?

மின்மினி (புதன், இரவு 9:20)

பக்கம்தான் அக்கா, சுமார் 440 ஒளியாண்டு. ஆனால் வயது 12 கோடி ஆண்டு பக்கம். விரவல் வேலை செய்ய அவ்வளவு காலம் போதாது. அதோடு இளம் விண்மீன்கள் வேகமாகச் சுழல்கின்றன. சுழன்றால் கோடுகள் அகன்று ஒன்றோடொன்று கலந்துவிடும். மெலிந்த இரும்புக் கோட்டைத் தனியே பிடிப்பது பெரும்பாடு.

உரோகிணி இருக்கும் பக்கத்து ஹையாடெஸ் கொத்து இதைவிட வசதி. உரோகிணி அந்தக் கொத்தைச் சேர்ந்தது இல்லை. அது 65 ஒளியாண்டில், கொத்து 150 ஒளியாண்டுக்குச் சற்று மேல். அங்கே 2016இல் ஃபான் லியூ குழு சூரியனை ஒத்த 16 விண்மீன்களை டெக்சாஸின் மெக்டொனால்ட் வானாய்வகத்தில் கோடுகோடாக ஒப்பிட்டது. எல்லாம் ஒரே வகை என்பதால் என் தராசுத் தடை அங்கே எழாது. அப்படியும் விண்மீனுக்கு விண்மீன் 0.02 டெக்ஸ் அளவில் உண்மையான வேறுபாடு இருக்கிறது, அது அளவீட்டுப் பிழையைவிடப் பெரியது என்று கண்டார்கள். எனக்கு எம்67ஐவிட இந்த முடிவுதான் அதிகம் தூக்கத்தைக் கெடுக்கிறது. விரவலுக்காவது விளக்கம் இருக்கிறது. இது பிறந்த மேகமே சரியாகக் கலக்கவில்லை என்று சொல்கிறதோ என்னவோ.

ஏன் முக்கியம் என்றால், கொத்துகள் காலப்போக்கில் சிதறிவிடும். பால்வழியெங்கும் பரவிப்போன உடன்பிறப்புகளை வேதியியல் கைரேகையை வைத்துத் திரும்பச் சேர்க்கலாம் என்று 2002இல் ஃப்ரீமனும் பிளான்ட்-ஹாதோர்னும் எழுதினார்கள். உடன்பிறப்புகளின் கைரேகையே ஒன்றாக இல்லாவிட்டால் அந்தத் தேடல் எவ்வளவு சிரமப்படும் பாருங்கள்.

பொருநைக்கரை (சனி, மாலை 4:15)

மூன்று நாளாக உட்கார்ந்து செய்து முடித்தேன். திசைவேகம், கையா அளவுகள், இரட்டைகள், எச்சரிக்கைக் குறிகள் எல்லாம் பார்த்துச் சலித்ததில் பட்டியல் நன்றாகவே சுருங்கியது. ஐயா பயமுறுத்தியது போல வித்தியாசம் கரைந்துவிடுமோ என்று இருந்தேன். கொஞ்சம் குறைந்தது, ஆனால் போகவில்லை.

பிறகு வெப்பநிலையை ஓர் அச்சிலும் இரும்பை இன்னோர் அச்சிலும் போட்டு வரைந்தேன். திருப்புமுனையில் பள்ளம் தெரிகிறது. குளிர்ந்த குறுமீன்கள் பக்கம் மறுபடி ஏறுகிறது. அந்தப் பக்கம் விண்மீன்கள் மங்கல், பிழைக்கோடுகள் நீளம். அதனால் ஏற்றம் எவ்வளவு என்று உறுதியாகச் சொல்ல வரவில்லை. மின்மினி சொன்னபடி அதை அப்படியே எழுதப் போகிறேன். முன்பு சராசரி எடுக்கச் சொன்னவரிடமும் படத்தைக் காட்டினேன். அமைதியாகக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இதையே முதல் படமாக வை" என்றார்.

காவலூர்க்காரர் (சனி, இரவு 8:30)

ரொம்ப மகிழ்ச்சி தம்பி. படத்தை இங்கேயும் போடுங்கள். பிழைக்கோட்டைச் சின்னதாகக் காட்டாதீர்கள், நீளமாக இருந்தால் நீளமாகவே இருக்கட்டும். விரவல் மாதிரியின் வளைகோட்டையும் அதே படத்தில் வரைந்துவிட்டால் பார்ப்பவருக்கு ஒப்பிட எளிது. அப்புறம் மக்னீசியத்துக்கும் சிலிக்கானுக்கும் இதே மாதிரித் தனித்தனிப் படம் வேண்டும். ஒளி அழுத்தம் ஒவ்வொரு தனிமத்தையும் ஒவ்வொரு அளவுக்குத் தாங்கும் என்பதால் பள்ளத்தின் ஆழம் மூன்றிலும் ஒன்றாக இருக்காது. மாதிரி சொல்லும் அளவில் வேறுபடுகிறதா என்று பார்த்தால், மின்மினியிடம் பேச உங்களுக்கு இன்னும் வலுவான பிடி கிடைக்கும்.

மின்மினி (சனி, இரவு 8:50)

மூன்று படமும் வரட்டும். நான் காத்திருக்கிறேன்.